நமத்துப்போகாத நெருப்பு

கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் கைப்பற்றப்பட்டன என்ற செய்தி கள்ளக்குறிச்சி மாவட்ட மக்களுக்குப் புதிதன்று. தென்பெண்ணைக் கரையில் உள்ள மணலூர்பேட்டையில் காலை நாளிதழைப் புரட்டுபவர் அதை ஒரு பார்வையில் கடந்துவிடுவார். மரவள்ளியையும் சாமையையும் காட்டுப்பன்றி அழிக்கிறது என்பது மலைவாழ் உழவரின் முறையீடு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும் என்பது காவல்துறையின் நிலை. அந்த வழக்கு தனி.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது அச்செய்தியோடு வெளியாகும் படத்தின் ஒரு மூலையை. நீண்ட இரும்புக் குழல், கரடுமுரடான மரக்கட்டை, அவை இரண்டும் சேருமிடத்தில் சிறிய சுத்தி ஒன்று. பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்தச் சுத்தி விழும் இடத்தில் சக்கிமுக்கிக் கல் இராது, தீத்திரியும் இராது. அடிபட்ட மாத்திரத்தில் வெடிக்கும் மருந்து சிறிதளவே அங்கு வைக்கப்படும். மிளகளவு செப்பு மூடிக்குள் அந்த மருந்தை அடைத்து விற்றபோது அதற்கு வந்த பெயர்தான் கேப்பு. தீபாவளிக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் சுருட்டி வைக்கும் சிவப்புக் காகிதக் கேப்பும் அதன் பேரப்பிள்ளைதான்.

மலையடிவாரத்துக் கொல்லர் பட்டறை வரை வந்து சேர்ந்த இந்த அமைப்புக்கு மூலவர் படைத்தலைவர் எவரும் அல்லர். ஸ்காட்லாந்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் 52 ஆண்டுகள் திருச்சபைப் போதகராக இருந்த அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சித் என்பவரே அவர்.

ஃபோர்சித் 1768-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், அபர்தீன் நகருக்கு வடக்கே உள்ள பெல்ஹெல்வி என்னும் ஊரில், போதகர் இல்லத்திலேயே பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஃபோர்சித் அவ்வூரின் போதகர். அபர்தீனில் உள்ள கிங்ஸ் கல்லூரியில் பயின்ற மகன், தந்தை மறைந்ததும் 1791-இல் அதே பொறுப்பை ஏற்றார். பிறந்த வீடே பணியிடம். பணியிடமே இறுதிவரை வாழ்ந்த இடம். மணம் செய்துகொள்ளவில்லை. அக்காலத்து ஸ்காட்லாந்துப் போதகர்களில் பலருக்கு மறைநூலுக்கு அடுத்தபடியாக ஏதேனும் ஓர் ஈடுபாடு இருப்பதுண்டு. சிலர் செடிகொடிகளை ஆராய்ந்தனர்; சிலர் வானிலையைக் குறித்து வைத்தனர். ஃபோர்சித்துக்கு வாய்த்தவை இரண்டு: வேதியியல், நீர்ப்பறவை வேட்டை. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்த இடத்தில்தான் அவருடைய வரலாறு தொடங்குகிறது.

அந்நாளில் பரவலாகப் புழங்கியது சக்கிமுக்கித் துப்பாக்கி. விசையை இழுத்ததும் கல் எஃகில் மோதும். பொறி தெறித்து, குழலுக்கு வெளியே உள்ள சிறு கிண்ணத்தில் இட்ட மருந்தில் விழும். அது குப்பென்று பற்றும். அந்தத் தீ ஊசித்துளை வழியே குழலுக்குள் நுழைந்து, உள்ளே இடித்து அடைத்த மருந்தைப் பற்ற வைக்கும். பிறகுதான் குண்டு புறப்படும். இத்தனை படிகளில் எது தவறினாலும் வேலை கெடும். கல் மழுங்கினால் பொறி இல்லை. காற்றடித்தால் கிண்ணத்து மருந்து பறந்துபோகும். கிண்ணத்தில் பற்றிய தீ உள்ளே நுழையாமலே அணைந்துவிடுவதும் உண்டு. எல்லாம் சரியாக அமைந்தாலும், விசைக்கும் வெடிக்கும் இடையே கண் உணரும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியும் ஒரு முறைபோல் மறுமுறை இராது.

எல்லாவற்றுக்கும் மேலாக மழை. கரிமருந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தீபாவளியன்று மழை பெய்த ஊர்களில் நமத்துப்போதல் என்ற சொல்லுக்கு யாரும் பொருள் கேட்கமாட்டார்கள். உயிர் காப்பதையும் வெடிப்பதையும் ஒரே மருந்து என்ற சொல்லால் குறிக்கும் நம் மொழி, அந்த மருந்து உதவாமல் போவதற்கென்றே ஒரு வினையையும் வைத்திருக்கிறது. கர்நாடகப் போர்களின்போது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்டியிட்ட தியாகதுருகக் கோட்டை இதே கள்ளக்குறிச்சிப் பகுதியில்தான் இருக்கிறது. அக்கோட்டைச் சுவர்களின் இருபுறமும் நின்ற வீரர்கள் எல்லோருக்கும் ஐப்பசி மழை பொதுப்பகையாகவே இருந்திருக்கும்.

பெல்ஹெல்விப் போதகருக்கு வந்த சிக்கல் போர்க்களத்துச் சிக்கல் அன்று. வாத்துகள் தந்த சிக்கல். கிண்ணத்தில் எழும் தீயின் ஒளியைக் கண்ட பறவை, குண்டு வந்து சேருமுன் நீருக்குள் மூழ்கிவிடும். முதலில் அவர் ஒளியை மறைக்கத் துப்பாக்கியின் விசைப்பகுதிக்கு ஒரு மூடாக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு கிண்ணத்தையே ஒழித்தால் என்ன என்ற எண்ணம் தோன்றியது. 1793 அளவில் சோதனைகளைத் தொடங்கினார்.

அடித்தால் வெடிக்கும் பொருள்கள் அதற்குள் வேதியியலாளரிடையே அறிமுகமாகிவிட்டிருந்தன. பிரான்சில் பெர்த்தோலே கண்டறிந்த பொட்டாசியம் குளோரேட் அவற்றில் முதன்மையானது. இன்று சிவகாசித் தீக்குச்சியின் தலையில் இருக்கும் அதே உப்பு. அதைக் கொண்டு வலிமை மிக்க வெடிமருந்து செய்யலாம் என்று பெர்த்தோலே முயன்றார். 1788-இல் எசோன் மருந்தாலையில் நடந்த சோதனை பெருவெடிப்பில் முடிந்து இருவர் உயிரிழந்தனர்; அங்கிருந்த பெர்த்தோலேயும் லவாய்சியரும் மயிரிழையில் தப்பினர். 1800-இல் இங்கிலாந்தின் எட்வர்ட் ஹோவர்ட் பாதரச ஃபல்மினேட்டை உருவாக்கி அதை அறிவியல் உலகுக்கு விளக்கினார். அவரும் அதைக் கரிமருந்துக்கு மாற்றாகத் துப்பாக்கிக்குள் இட்டுப் பார்த்தார். குழலே தெறித்தது.

மற்றவர்கள் வழுக்கிய இடத்தில் ஃபோர்சித் காலூன்றியது எப்படி என்பதே இவ்வாழ்க்கையின் மையம். அவர்கள் புதிய பொருளிடம் வலிமையைத் தேடினார்கள். இவர் அதனிடம் கேட்டது நம்பகத்தை மட்டுமே. குண்டைத் தள்ளும் வேலை பழைய கரிமருந்துக்கே இருக்கட்டும், அதைப் பற்ற வைக்கும் வேலையை மட்டும் புதிய பொருளுக்குத் தரலாம், அதற்குச் சிட்டிகை அளவே போதும் என்று அவர் கண்டார். பழைய கிண்ணத்தில் புதிய மருந்தை இட்டபோது தீ நன்றாக எழுந்தது. ஆனால் குழலுக்குள் ஒழுங்காகப் போகவில்லை. எனவே சிறு அடைப்பான இடத்தில் அதை வைத்து, மேலிருந்து சுத்தியால் அடித்து, எழும் சுடரைத் துளை வழியே நேராக உள்ளே செலுத்தும் பொறியை அமைத்தார். கல் இல்லை, பொறி இல்லை, வெளிக் கிண்ணம் இல்லை. மழைக்கும் காற்றுக்கும் இடமில்லை. 1805-ஆம் ஆண்டில் அப்பொறி பூட்டிய துப்பாக்கியோடு அவர் வேட்டைக்குச் சென்றார். மருந்து வைக்கும் சிமிழின் வடிவத்தைப் பார்த்தவர்கள் அதற்கு அத்தர்க்குப்பிப் பூட்டு என்று பெயரிட்டனர்.

மறு ஆண்டு லண்டனுக்குப் புறப்பட்டார். படைக்கலத் துறையின் தலைவராக அப்போது இருந்தவர் மொய்ரா பிரபு. இந்திய வரலாற்றில் நாம் ஹேஸ்டிங்ஸ் பிரபு என்று படிக்கும் கவர்னர் ஜெனரல் இவரேதான். 1813 முதல் 1823 வரை கல்கத்தாவில் இருந்து ஆட்சி செய்து நேபாளப் போரையும் மூன்றாம் மராத்தியப் போரையும் நடத்தியவர். மொய்ரா போதகரின் பொறியைப் பார்த்த உடனே அதன் மதிப்பை உணர்ந்தார். டவர் எனப்படும் லண்டன் கோட்டைக்குள் அவருக்குப் பட்டறை ஒதுக்கினார்; ஊரில் அவருடைய திருச்சபைப் பணியைக் கவனிக்க மாற்று ஏற்பாடும் செய்தார். மருந்தைத் தொடவே பணியாளர்கள் அஞ்சிய நிலையில் ஆபத்தான வேலைகளைப் போதகர் தாமே செய்தார்.

1807-இல் அமைச்சரவை மாறியது. மொய்ரா போனார்; இளைய பிட்டின் அண்ணனான சாத்தம் பிரபு வந்தார். எதற்கும் தாமதமாக வருவதற்குப் பெயர்போன இவர், இரண்டு ஆண்டுகள் கழித்து வால்கரன் படையெடுப்பைத் தலைமையேற்று நடத்திக் கெடுத்ததற்காகவே வரலாற்றில் இடம்பெற்றவர். ஃபோர்சித்தின் சோதனைகள் இனித் தேவையில்லை, பட்டறையைக் காலி செய்து தம் குப்பைகளை எடுத்துக்கொண்டு போகலாம் என்ற பொருளில் ஆணை வந்தது. மேலிடத்தில் ஆள் மாறினால் கீழே கோப்பு மூடப்படும் வழக்கம் நம் அலுவலகங்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் இந்த நிகழ்ச்சியை நினைவில் கொள்ளலாம்.

போதகர் சோர்ந்துவிடவில்லை. 1807 ஏப்ரல் 11-இல் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வாசகத்தை அமைக்க உதவியவர் நீராவிப் பொறியால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட். காப்புரிமைக்காக எத்தனை வழக்குகள் நடத்தியவர் வாட் என்பதை எண்ணினால், இதைவிடத் தேர்ந்த ஆலோசகர் கிடைத்திருக்க முடியாது. சுத்தியின் வடிவத்தையோ சிமிழின் வடிவத்தையோ மட்டும் காக்காமல், அடியால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துப்பாக்கியைப் பற்ற வைக்கும் கருத்தையே அக்காப்புரிமை காத்தது. 1808-இல் லண்டன் பிக்காடிலித் தெருவில் 10-ஆம் எண் கட்டடத்தில் அவர் பெயரில் கடை திறக்கப்பட்டது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற துப்பாக்கி நிறுவனத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் பர்டி அங்கு வேலை பார்த்தவர்தான். நெப்போலியன் 20,000 பவுன் தருவதாகச் சொல்லியும் போதகர் மறுத்துவிட்டார் என்றொரு கதை அவரைப் பற்றி எழுதுவோரிடம் வழிவழியாக வருகிறது. கதை எப்படியாயினும், அவர் தம் பொறியைப் பகைநாட்டுக்கு விற்கவில்லை.

வேட்டைக்காரச் செல்வர்கள் புதுப் பூட்டை விரும்பி வாங்கினர். ஜோசப் மேண்டன் போன்ற பெயர்பெற்ற துப்பாக்கிக் கம்மியர்கள் அதைத் தம் வழியில் மாற்றிச் செய்ய முற்பட, வழக்குகள் எழுந்தன. நீதிமன்றங்கள் ஃபோர்சித்தின் பக்கமே நின்றன. இதற்கிடையே, தனியாகச் சிமிழ் எதுவும் வேண்டாம், ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தை ஒரு சிறு செப்பு மூடிக்குள் ஒட்டிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தது. அமெரிக்காவில் குடியேறிய ஓவியர் ஜோஷுவா ஷா, மேண்டன், எக் என்று உரிமை கோரியவர் பட்டியல் நீளம்; அந்தப் பிணக்கு இன்றும் முழுமையாகத் தீர்ந்தபாடில்லை. எவர் கை முந்தியிருந்தாலும் மூடிக்குள் இருந்த கருத்து பெல்ஹெல்விக்காரருடையது. 1821-இல் அவருடைய காப்புரிமைக் காலம் முடிந்தது. அத்தொழில் அதன்பின் எல்லோருக்கும் பொதுவாயிற்று.

வேடர் கையில் 1808-லேயே இருந்த ஒன்று, படைவீரர் கைக்கு எப்போது வந்தது? வரவில்லை. வாட்டர்லூவில் இல்லை. மொய்ரா தாமே தலைமைத் தளபதியாகவும் இருந்து நடத்திய மராத்தியப் போரிலும் இல்லை. அரசு மனம் வைத்துச் சோதித்தது 1834-இல். லண்டனை அடுத்த ஊலிச் படைக்கலத் தளத்தில் இருவகைத் துப்பாக்கிகளாலும் தலா 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். சக்கிமுக்கி 922 முறை வெடிக்க மறுத்தது. அதாவது ஏறக்குறைய ஆறரைக்கு ஒன்று. கேப்புத் துப்பாக்கி வெடிக்க மறுத்தது 36 முறை மட்டுமே; 166-க்கு ஒன்று. இதைவிடத் தெளிவான தீர்ப்பை எந்தச் சோதனையும் தராது. ஆயினும் பழைய துப்பாக்கிகளின் இருப்பு மலைபோல் குவிந்திருந்தது. செலவுக் கணக்கு இருந்தது. போர்க்களத்து அமளியில் அத்தனை சிறிய மூடியைச் சிப்பாயின் விரல் எடுத்துப் பொருத்துமா என்ற ஐயமும் இருந்தது. மாற்றம் மெல்ல மெல்ல 1830-களின் இறுதியில்தான் தொடங்கியது. அதுவும் ஆங்கிலேயப் பிரிவுகளில் சிலவற்றுக்கே முதலில். கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் சக்கிமுக்கியோடே இருந்தனர்.

அத்தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்களில் நம்மவரும் உண்டு. 1841-இல் முதல் அபினிப் போருக்காகச் சீனத்துக்கு அனுப்பப்பட்ட படையில் மதராஸ் 37-ஆவது சுதேசிக் காலாட்படை இருந்தது. ஆர்க்காடு, திருச்சி, தஞ்சைப் பகுதிகளின் தமிழரும், தெலுங்கரும், முகம்மதியரும் நிறைந்தது மதராஸ் படை. மே மாத இறுதியில், கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவன்லி என்னும் ஊரைச் சுற்றிய வயல்வெளியில், சிற்றூர் மக்கள் வேலும் கழியும் ஏந்தி ஆயிரக்கணக்கில் திரண்டனர். இடியும் மின்னலுமாகப் பெருமழை பிடித்துக்கொண்டது. அருகில் இருந்த வேறொரு பிரிவோடு சேர்ந்துகொள்ள அனுப்பப்பட்ட 37-ஆவது படையின் ஒரு பிரிவு, ஏறத்தாழ 60 பேர், மழையில் வழி தவறினர். நெல் வயல்களுக்கு நடுவே, முழங்கால் ஆழச் சேற்றில், கூட்டம் அவர்களைச் சூழ்ந்தது.

துப்பாக்கி இருந்தது, தோட்டா இருந்தது, வெடிக்கத்தான் இல்லை. கிண்ணத்து மருந்து கூழாகிவிட்டது. சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்துத் துப்பாக்கி முனை ஈட்டியை நம்பி நின்றனர். நீண்ட கழிகளின் நுனியில் கத்தி கட்டியவர்கள் அந்த ஈட்டிக்கு எட்டாத தொலைவில் இருந்தே குத்த முடிந்தது. ஒருவர் உயிரிழந்தார், பதின்மருக்கு மேல் காயமுற்றனர். இருட்டிய பின் அவர்களைத் தேடி இரு பிரிவு கடற்படை வீரர்கள் அனுப்பப்பட்டனர். அவர்கள் கையில் இருந்தவை புதிய கேப்புத் துப்பாக்கிகள். அதே மழையில், அதே வயலில், அவை வெடித்தன. கூட்டம் விலகியது, சிப்பாய்கள் மீண்டனர்.

இந்நிகழ்ச்சியைச் சீனர்கள் அயலாரை எதிர்த்து எளிய மக்கள் எழுந்த நாளாக நினைவில் போற்றுகின்றனர், அது நியாயமே. அந்த மண் அவர்களுடையது. அபினி விற்கும் உரிமைக்காக அங்கு போய் நின்றது கம்பெனி. ஆனால் சேற்றில் நின்ற சிப்பாய் அந்த வணிகத்தில் பங்காளி அல்லன்; மாதச் சம்பளத்துக்குக் கடல் கடந்தவன். போதகரின் பொறி அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே காப்புரிமை பெற்றுவிட்டது. ஊலிச் சோதனை முடிந்தும் ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. சக்கிமுக்கிக்கும் கேப்புக்கும் உள்ள வேறுபாட்டுக்குச் சான்றாகப் படைத்துறை எழுத்துகளில் பின்னர் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்டது இந்த மதராஸ் பிரிவின் கதைதான். (1857-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழக் காரணமான என்ஃபீல்டு துப்பாக்கி கேப்பால் இயங்குவதே. எனினும் அங்கு பிணக்கு தோட்டாக் காகிதத்தின் கொழுப்பைப் பற்றியது; கேப்பின் மேல் எவருக்கும் குறை இருக்கவில்லை.)

1860-களில் கேப்பு இடம் மாறியது. தோட்டா பித்தளைக் கூடாயிற்று. அதன் அடிப்பகுதியில் ஒரு குழி வெட்டி, கேப்பை அதற்குள் பொருத்தினர். பிரைமர் என்று இன்று அழைக்கப்படுவது அதுவே. ஊலிச் ஆய்வுக்கூடத்தின் தலைவர் எட்வர்ட் பாக்ஸரும் அமெரிக்கரான ஹைரம் பெர்டனும் அந்தப் பத்தாண்டில் அமைத்த இரு வகைகளே இன்றுவரை உலகில் வழங்குகின்றன. இரண்டிலும் தத்துவம் ஒன்று: மெல்லிய உலோகக் கிண்ணத்துக்கும் சிறு பட்டடைக்கும் நடுவே வெடிமருந்துப் படலம் இருக்க, ஊசி கிண்ணத்தில் அடிக்கிறது, பட்டடைமேல் நசுங்கிய படலம் தீக்கக்குகிறது. பாக்ஸர் வகையில் பட்டடை பிரைமருக்குள்ளேயே இருக்கிறது. பெர்டன் வகையில் அது தோட்டாக் கூட்டின் பகுதி. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரின் வகை அமெரிக்காவில் வேரூன்ற, அமெரிக்கரின் வகை ஐரோப்பியப் படைகளில் பரவியது.

தொலைதூர இலக்குச் சுடுதலில் ஈடுபடும் மேல்நாட்டவர் பலர் தம் தோட்டாக்களைத் தாமே அடைத்துக்கொள்கின்றனர். சுட்ட கூட்டிலிருந்து பழைய பிரைமரை நடுத்துளை வழியே தள்ளி எடுத்துவிட முடியும் என்பதால் அவர்கள் பாக்ஸர் வகையையே விரும்புகின்றனர். குண்டின் எடை, மருந்தின் அளவு ஆகியவற்றில் அவர்கள் காட்டும் கவனத்தைப் புரிந்துகொள்வது எளிது. பிரைமரைக் குழியில் அழுத்திப் பொருத்தும் ஒரு சிறு செயலில் அவர்கள் காட்டும் அக்கறைதான் புதியவரை வியக்க வைக்கும். பிரைமரின் முகம் கூட்டின் அடித்தளத்துக்கு மேலே துருத்தக் கூடாது. கீழே, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு அளவுக்கு அமிழ வேண்டும் என்பது பலர் கைக்கொள்ளும் வரையறை. ஒரு தலைமயிரின் பருமன் அல்லது அதைவிடச் சற்று கூடுதல்.

இதற்குக் காரணம் உண்டு. பட்டடையின் கால்கள் குழியின் தரையில் நன்கு ஊன்றாவிட்டால், ஊசியின் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகும். முதல் அடிக்கு வெடிக்காத தோட்டா இரண்டாம் அடிக்கு வெடிப்பது பெரும்பாலும் இதனால்தான்: முதல் அடி செய்தது, கை செய்யாமல் விட்ட வேலையை. மாறாக, அளவு மீறி அழுத்தினால் உள்ளே இருக்கும் மருந்துப் படலம் நொறுங்கும். சரியான அழுத்தத்தில் அது இறுகித் தயாராக நிற்கும். குழியில் பழைய கரி படிந்திருந்தால் ஆழம் மாறும். எனவே ஒவ்வொரு குழியையும் சுரண்டித் துடைப்பார்கள், சிலர் ஆழத்தைக் கருவியால் சமன்செய்வார்கள். கைக்கருவியின் நெம்பை அழுத்தும்போது, கால்கள் தரையைத் தொடும் அந்தக் கணத்தை விரலாலேயே உணர்ந்துவிடுகிறோம் என்று சொல்வோர் ஒரு சாரார். விரலை நம்பாதே, முள் நகரும் அளவுகோலை நம்பு என்போர் மறுசாரார். எண்ணெய் பட்ட விரலால் பிரைமரைத் தொடக் கூடாது என்பதில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். எண்ணெயும் நமக்க வைக்கும்.

இத்தனை பாடும் சீர்மைக்காகவே. பற்றும் விதம் தோட்டாவுக்குத் தோட்டா மாறினால் குண்டின் வேகமும் மாறும். ஆயிரம் கஜத் தொலைவில், வினாடிக்குப் பத்து அடி வேக வேறுபாடு குண்டை நான்கைந்து விரற்கடை மேலோ கீழோ கொண்டுபோய்விடும். நெஞ்சு அசையாமல், மூச்சு அலையாமல், காற்றை அளந்து சுட்டவருக்கும் அந்த விரற்கடைகளின் காரணம் தெரியாது. அது இரண்டு இரவுகளுக்கு முன் மேசையருகே நிகழ்ந்துவிட்டது. ஊலிச்சில் எண்ணியது வெடித்ததா, வெடிக்கவில்லையா என்பதை. இன்று எண்ணுவது, வெடித்தவை எல்லாம் ஒன்றுபோல் வெடித்தனவா என்பதை. கேள்வி நுணுகியிருக்கிறது, வாத்தை எதிர்நோக்கிக் காத்திருந்த போதகரின் கேள்வியே அது.

நம் நாட்டில் இக்கலை அறியப்படாமல் இருப்பதற்குக் காரணம் எளிது. இந்தியர் பதக்கம் வென்ற ரைபிள் போட்டிகள் பெரும்பாலும் காற்றுத் துப்பாக்கிக்கு உரியவை. மணலூர்பேட்டையைத் தொட்டு ஓடும் தென்பெண்ணை கடலில் கலக்கும் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் துப்பாக்கியில் தீக்கு வேலையே இல்லை. 50 மீட்டர் போட்டியில் புழங்கும் சிறு தோட்டாவில் வெடிமருந்து ஆலையிலேயே விளிம்புக்குள் செலுத்தப்பட்டுவிடுகிறது. வீட்டில் அடைக்க இடமில்லை. அவ்வீரர்கள் செய்யக்கூடியது, ஆலையில் ஒரே தொகுதியாக உருவான தோட்டாக்களை வாங்கித் தம் குழலில் சுட்டுப் பார்த்து, ஒன்றுபோல் செல்லும் தொகுதியைத் தேர்ந்து சேமித்து வைப்பதே. தேடுவது அங்கும் அதே சீர்மையைத்தான்.

ஃபோர்சித்துக்கு என்ன கிடைத்தது என்பது மிச்சமிருக்கிறது. லண்டனிலிருந்து திரும்பியபின் அவர் பெல்ஹெல்வியிலேயே இருந்தார். திருமணம் நடத்தி வைத்தார், பிள்ளைகளுக்குப் பெயரிட்டார், இறந்தோரை அடக்கம் செய்தார். மொய்ரா காலத்தில் அவருடைய உழைப்புக்கு ஈடு தருவதாகப் பேச்சு இருந்தது. ஆள் மாறியதும் அப்பேச்சும் போயிற்று. அரசின் துப்பாக்கிகள் அவருடைய கருத்தின்படி மாற்றப்படத் தொடங்கியதைக் கண்டபின், முதுமையில் அவர் தம் கோரிக்கையை முன்வைத்தார். நண்பர்களும் அறிஞர்களும் துணை நின்றனர். கருவூலம் ஆய்ந்து பார்த்து, 1842-இல் 200 பவுன் வழங்கியது. நெப்போலியன் கதையில் வரும் தொகையில் அது நூற்றில் ஒரு பங்கு. அறமும் பணமும் ஒருபுறம் இருக்க, ஒரு பேரரசின் படைக்கலம் முழுவதையும் மாற்றிய கருத்துக்கு இவ்வளவுதான் விலை என்று முடிவு செய்தவர்கள் என்ன கணக்குப் போட்டார்கள் என்பது விளங்கவில்லை.

ஆள்கொல்லும் கருவியைப் பிழையற்றதாக்கிய ஒருவர் மறைப்பணியாளராகவும் இருந்தது அவருடைய காலத்துக்கு உறுத்தவில்லை. நமக்கு உறுத்தினால் அது தவறன்று. ஆனால் அவர் கருவிக்குக் கொடுத்தது புதிய வலிமை அன்று என்பதையும் பார்க்க வேண்டும். குண்டு அதே குண்டு, மருந்து அதே மருந்து. விசையை இழுத்தவன் எதிர்பார்த்தது அந்தக் கணத்திலேயே நடக்கும் என்ற உறுதி மட்டுமே புதிது.

1843 ஜூன் 11-இல், தம் 74-ஆம் வயதில், பிறந்த ஊரிலேயே ஃபோர்சித் மறைந்தார். அதே ஆண்டில் அரசு மேலும் 1,000 பவுன் ஒதுக்கியது. வாங்கிக்கொள்ள அவர் இல்லாததால் தொகை அவருடைய உறவினர் மூவருக்குப் பிரித்துத் தரப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் லண்டன் டவர் கோட்டை. குப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியேறுமாறு அவருக்கு ஆணையிடப்பட்ட அதே இடம்.